பேருந்து ஓட்டுநரை நம்புவதும் கடவுளை விசுவாசிப்பதும் ஒன்றா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. சபையில் போதகர், "முகம் தெரியாத பேருந்து ஓட்டுநரை நம்பி ஏறி உட்காருகிறோம், டாக்டர் கொடுக்கிற மாத்திரையை நம்பி விழுங்குகிறோம், கடவுளை நம்புவதும் அப்படித்தான்" என்கிறார். வீட்டுக்கு ஜெபிக்க வந்த இன்னொருவர், முழு விசுவாசம் இருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை வருஷமாகியும் சுகம் இல்லை. அப்படியானால் விசுவாசம் என்பதுதான் என்ன, குறை என்னிடமா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் என்னைக் கூப்பிட்டால் எதைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம். குறை உங்களிடம் இல்லை. யார் எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும் டயாலிசிஸை நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் போதகர் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துச் சபையில் வளர்ந்து, முப்பது வருஷத்துக்கும் மேலாக ஓய்வுநாள் பள்ளி நடத்தி, வேதாகம மொழிகளையும் ஆசைக்குக் கொஞ்சம் படித்தவன். நீங்கள் கேட்ட இதே கேள்வி என் வீட்டுக்குள்ளும் ஒரு காலத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேருந்து உதாரணம் பாதி சரி. நம்பாமல் ஒரு நாளைக்கூடக் கடத்த முடியாது என்பது உண்மைதான். டயாலிசிஸ் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா கையை நீட்டுகிறார், டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் நர்ஸ் இரண்டு ஊசி ஏற்றுகிறார், நாலு மணி நேரம் உடம்பின் இரத்தம் வெளியே போய் இயந்திரத்துக்குள் சுற்றித் திரும்பி வருகிறது. அந்த இயந்திரத்துக்குள் வருகிற தண்ணீர் சுத்தமானதா, வடிகட்டியை மாற்றினார்களா என்று அப்பா போய்ப் பார்க்கவில்லை, பார்த்தாலும் நமக்குத் தெரியாது. கையை நீட்டுவதுதான் அவரால் முடிந்தது. ஆதாரம் முழுவதையும் கையில் வாங்கிக்கொண்டுதான் நடப்பேன் என்பவர் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இந்த அளவுக்குப் போதகர் சொன்னது நியாயம்.

ஆனால் ஓட்டுநரை நாம் நம்புகிறோம் என்று சொல்வதே கொஞ்சம் பெரிய வார்த்தை. நாம் அவரைப் பற்றி யோசிப்பதே இல்லை. நேற்றும் பஸ் போய்ச் சேர்ந்தது, இன்றும் சேரும், அவ்வளவுதான். அது பழக்கம். அவர் மாறி வேறொருவர் வந்தாலும் நமக்குத் தெரியாது. வண்டி இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கினால் மூன்றாவது நாள் வேறு பஸ்ஸில் ஏறுவோம், அதில் தப்பும் இல்லை. கடவுளை இப்படித்தான் நம்புகிறோம் என்றால், டயாலிசிஸ் தொடங்கிய அன்றே நீங்கள் பஸ் மாறியிருக்க வேண்டும். நீங்கள் மாறவில்லை. கோபத்தோடும் குழப்பத்தோடும் அங்கேயே நிற்கிறீர்கள், இல்லாவிட்டால் இப்படியொரு கேள்வியே வந்திருக்காது.

இதைவிடப் பக்கத்தில் வருகிற உதாரணம் ஒன்று சொல்லட்டுமா? தெருவில் சீட்டு பிடிக்கிற அக்கா. பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது, ஒரு நாற்பது பக்க நோட்டுதான். இருபது பேர் மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எதை வைத்து? அந்த அக்கா மூன்று சீட்டை ஒழுங்காக முடித்திருக்கிறார், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த மாதத்தில்கூட, சீட்டு எடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தார். அவருடைய நாணயத்தை வைத்துத்தான் கொடுக்கிறோம். இந்த நம்பிக்கைக்கு முகம் இருக்கிறது, பழைய கதை இருக்கிறது, ஒரு மாதம் அவர் "அடுத்த வாரம் தருகிறேன்" என்றால் பொறுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. கொடுக்கிறவருடைய நெஞ்சுறுதி எவ்வளவு என்று இங்கே யாரும் அளப்பதில்லை. பயந்து பயந்து கொடுத்தவருக்கும் முழுப் பணம்தான் வரும், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவருக்கும் அதே பணம்தான். வாங்குகிறவர் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசம் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தது. முழுக்க இதுவும் அல்ல, ஏனென்றால் சீட்டுக்கு ஒரு முடிவுத் தேதியும் தொகையும் உண்டு. கடவுளிடம் அப்படி எழுதி வாங்கிக்கொண்டு யாரும் வருவதில்லை, எழுதித் தந்திருக்கிறார் என்று சிலர் சொல்வதில்தான் பிரச்சினையே தொடங்குகிறது.

அதற்குப் போகும் முன் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் இது அழகான குழப்பம். 1871இல் பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையிலான குழு வெளியிட்ட வேதாகம மொழிபெயர்ப்புதான் நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அதில் 1 கொரிந்தியர் 13:13, "இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று இருக்கும். கத்தோலிக்க நண்பர் வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியத்தை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள், "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கும். நாம் விசுவாசம் என்று சொல்வதை அவர்கள் நம்பிக்கை என்கிறார்கள், நாம் நம்பிக்கை என்று சொல்வதை அவர்கள் எதிர்நோக்கு என்கிறார்கள். ஒரே சொல் ஒரு வீட்டில் இரண்டாவது இடத்திலும் அடுத்த வீட்டில் முதலிடத்திலும் நிற்கிறது. எதிர்நோக்கு என்றால் இனி வரப்போவதைப் பார்த்திருப்பது. விசுவாசம் அது அல்ல. அப்பா குணமாவார் என்று காத்திருப்பது நம்பிக்கை, அதாவது எதிர்நோக்கு. அப்பா குணமாவாரோ மாட்டாரோ, கடவுள் நம்மை விட்டுப்போகிறவர் அல்ல என்று அவரைப் பிடித்துக்கொண்டிருப்பது விசுவாசம். உங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார். "குணமாகும் என்று உறுதியாக நினை" என்பதை அவர் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்.

விசுவாசம் என்ற சொல்லைச் சபைக்கு வெளியே எங்கே கேட்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நாய் விசுவாசமானது என்கிறோம். பழைய முதலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்கிறோம். அங்கே யாரும் "இன்னது நடக்கும் என்று நினைப்பது" என்ற பொருளில் சொல்வதில்லை. கூடவே நிற்பது, கை விடாமல் இருப்பது, அதுதான் பொருள். எனக்கு இந்தத் தெருப்பேச்சுப் பொருள்தான் மூலத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் இதற்குரிய சொல் எமுனா. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக் 2:4இல் வருவது இந்தச் சொல்தான், ஜெபம் முடித்து நாம் சொல்கிற ஆமென் இதே வேரிலிருந்து வந்தது. இந்தச் சொல் இன்னொரு இடத்திலும் வருகிறது, அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது, மோசே மலையுச்சியில் கையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். கை தளர்ந்தால் எதிரி ஜெயிக்கிறான். நேரமாக ஆக கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் இன்னொரு பக்கமும் நின்று கையைத் தாங்குகிறார்கள். "அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது." அந்த "ஒரே நிலை" என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது எமுனா. அசந்துபோன கை, மற்றவர்கள் தாங்கிப் பிடித்ததால் நிலையாக நின்ற கை, அதற்குத்தான் அந்தச் சொல்.

யோவான் சுவிசேஷத்திலும் ஒரு விஷயம் கவனித்தேன். கிரேக்க மூலத்தில் "விசுவாசம்" என்ற பெயர்ச்சொல்லே அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் கிடையாது, "விசுவாசிக்கிறது" என்ற வினை மட்டும் 98 முறை வருகிறது. விசுவாசம் ஒரு சரக்காக இருந்தால்தான் உனக்கு அரைக் கிலோ இருக்கிறது, அவருக்கு ஒரு கிலோ இருக்கிறது என்று நிறுக்க முடியும். யோவான் அதை ஒருவர் செய்கிற காரியமாக மட்டுமே பார்க்கிறார். நடக்கிற ஆளிடம் "உன்னிடம் எவ்வளவு நடை இருக்கிறது" என்று கேட்க முடியுமா?

இது கண்மூடித்தனம்தானே என்று உங்கள் நண்பர்கள் கேட்கலாம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அப்போஸ்தலனாகிய பவுல் ஏறத்தாழ கி.பி. 55 வாக்கில் கொரிந்து சபைக்கு எழுதும்போது, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை ஐந்நூறு பேருக்கும் அதிகமானவர்கள் ஒரே சமயத்தில் பார்த்தார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதானே அதன் அர்த்தம். கையோடு, கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் "உங்கள் விசுவாசமும் விருதா" என்றும் எழுதுகிறார். இது நடந்திருக்க வேண்டும், நடக்காவிட்டால் எல்லாம் வீண் என்று தானே சொல்கிற மனிதரைக் கண்மூடி என்று சொல்ல முடியாது. அவர் சொன்ன சாட்சியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம், அது வேறு பேச்சு. இயேசுவின் சீடர் தோமாவும் அப்படித்தான். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரை இயேசு விரட்டவில்லை, கையை நீட்டிக் காட்டினார். அந்தத் தோமாவின் பெயரில்தான் சென்னையில் சாந்தோமும் பரங்கிமலைக் கோயிலும் நிற்கின்றன. "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17இல் படிக்கிறோம். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது, திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயராக இருக்கிற அந்தப் பழைய பொருள். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் எழுந்து, "அப்படின்னா நான் கேள்வி கேட்டா விசுவாசம் வருமா சார்?" என்றான். வரும் என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

சரி, சுகமாகாததற்கு வருவோம்.

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத பெண்ணிடம் இயேசு சொன்னார், உண்மை. நாசரேத்தில் அந்த ஊராருடைய அவிசுவாசத்தினால் அவர் அதிகம் செய்யவில்லை என்பதும் எழுதியிருக்கிறது. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த இரண்டை மட்டும் கிழித்தெடுத்து நோயாளியின் நெற்றியில் ஒட்டுவது அநியாயம். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்த மனிதனைப் பாருங்கள், தன்னைக் குணமாக்கியது யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நாயீன் ஊர் விதவை எதையுமே கேட்கவில்லை, மகனுடைய பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு போனாள், இயேசு தானாக வந்து பாடையைத் தொட்டு மகனை எழுப்பினார். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன், அதாவது உடம்பு விளங்காதவன் கதையில் இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை", தூக்கி வந்தவர்களையும் சேர்த்துத்தான் அப்படி எழுதியிருக்கிறது. "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று யாக்கோபு 5இல் வருவதைத்தானே அதிகம் காட்டுகிறார்கள்? அங்கே ஜெபிக்கிறவர்கள் யார் என்று மேலே ஒரு வசனம் ஏறிப் பாருங்கள். சபையின் மூப்பர்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது அவர்களைக் கூப்பிட்டு அனுப்புவது மட்டும்தான். அந்த அதிகாரத்தை வைத்துப் படுத்திருக்கிறவரைக் குற்றம் சொல்லவே முடியாது.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் மாம்சத்திலிருந்த முள் என்று அவர் சொல்கிற வேதனை நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் கிடைத்த பதில். அவருடைய உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு, அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று கைவைத்தியம் எழுதுகிறார். கடைசிக் கடிதத்தில், இன்னொரு உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரி. யாருக்கு விசுவாசம் குறைந்தது, பவுலுக்கா துரோப்பீமுக்கா? அப்படி யாரும் அங்கே கேட்கவில்லை. இராஜாவான எசேக்கியா சாகக் கிடந்து அழுது வேண்டினபோது இன்னும் பதினைந்து வருஷம் தருகிறேன் என்று வாக்கே வந்தது, ஆனாலும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி அவர் உடம்பிலிருந்த பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போட வைத்தார். ஜெபமும் பற்றும் ஒரே அறையில் நடந்தன. அந்த வழியில்தான் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விடாத காரணத்தால், பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்தவர் அவர். அந்தப் பெண்களுக்காக ஜெபித்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை, போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தார்.

எபிரெயர் 11ஐ விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று சொல்வார்கள். அதில் 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள். மூன்றே வசனம் தள்ளி 37இல் அதே விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். எழுதியவர் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கோடு போடவில்லை, எல்லோரும் நற்சாட்சி பெற்றவர்கள் என்று ஒரே வரிசையில் நிறுத்துகிறார். பிரசங்கத்தில் நாம் 34ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டோம், அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

இப்போது என் வீட்டுக் கதை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. பதினோரு மாதம் இருந்தார். ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கட்டில் பக்கத்தில் நின்று, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள் அம்மா, விசுவாசத்துக்கு ஏதோ தடை இருக்கிறது என்றார். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்காமல் அடுப்பைப் பற்றவைக்காத மனுஷி என் அம்மா. அன்றைக்குப் பிறகு ஜெபிப்பதை விட்டுவிட்டார். கோபத்தில் அல்ல. நாற்பது வருஷத்தையும் திருப்பிப் போட்டு எந்தப் பாவம் எந்தப் பாவம் என்று தேடித் தேடிக் களைத்துப்போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெண்கள் ஐக்கியத்தில் ஒரு சித்தி, இரத்த சொந்தம் கிடையாது, தெருவில் எல்லோருக்கும் சித்தி. தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். வசனம் எதுவும் சொல்லமாட்டார். அம்மாவுக்கு மருந்தினால் முடி கொத்துக் கொத்தாகக் கழன்றுகொண்டிருந்தது, சீப்பைத் தொடவே அம்மாவுக்குப் பயம். சித்தி விரலாலேயே மெதுவாகக் கோதிவிட்டு, கையோடு வந்த முடியை அம்மா பார்க்காதபடி முந்தானையில் சுருட்டி வைத்துக்கொள்வார். ஒருநாள் அம்மா, என்னால ஜெபம் பண்ண முடியல, வார்த்தையே வரல என்று சொல்லிவிட்டார். சித்தி கோதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "முடியலன்னா விட்டுரு அக்கா. நாங்க பண்ணிக்கிடுதோம். நீ தூங்கு."

அம்மா அன்று தூங்கினார். சுகமாகவில்லை, அடுத்த சித்திரையில் இறந்துபோனார். ஆனால் கடைசி மூன்று மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. எமுனா என்ற சொல்லை நான் யாத்திராகமத்தில் பார்த்தது இதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. பார்த்ததும் எனக்கு ஆரோனும் ஊரும் ஞாபகத்துக்கு வரவில்லை, அந்த முந்தானைதான் வந்தது.

எங்கள் ஜில்லாவிலேயே டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்ததில் உடைந்துபோனவர், 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையையும் படுக்கையையும் விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒரு ஊரே கூடி ஜெபித்திருக்கும், குணமாகவில்லை. அந்தப் படுக்கையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தப் பிரசங்கியாராவது டோனாவூரில் நின்று சொல்வாரா? சொல்லமாட்டார் என்றால் உங்கள் வீட்டிலும் சொல்லக்கூடாது. அன்னை தெரசா 1997இல் இறந்து பத்து வருஷம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் கடவுள் பக்கத்தில் இருக்கிற உணர்வே இல்லாமல்தான் அவர் வேலை செய்தார் என்று தெரிந்து பலர் அதிர்ச்சியடைந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உணர்வு வற்றிப்போனதால் விசுவாசம் போய்விட்டது என்று உங்களை நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை பற்றியும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வந்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எரேமியா எழுதுகிறார். ஆகவே உங்கள் அட்டை பொய்யாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது இந்த வருஷத்துக்குள் சுகம் என்ற சீட்டு அல்ல, அந்நிய ஊரில் தோட்டம் போடச் சொல்கிற கடிதம். டயாலிசிஸ் அறை ஓர் அந்நிய ஊர்தான். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து ஊற்றி வைக்கிறீர்களே, அதுதான் அங்கே போடுகிற தோட்டம்.

தினசரி விசுவாசம் என்று கேட்டால் எனக்கு எங்கள் ஆச்சியின் கைப்பிடி அரிசிக் கலயம்தான் ஞாபகம் வருகிறது. உலைக்கு அரிசியை உழக்கால் அளந்து முறத்தில் போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கைப்பிடி திரும்ப எடுத்து மூலையிலிருந்த சின்ன மண்கலயத்தில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார், இல்லாதவர்களுக்குப் போகும். மூட்டையிலிருந்து எடுக்கமாட்டார், அளந்ததிலிருந்துதான். அதாவது அன்றைய சோற்றில் அந்த ஒரு கைப்பிடி குறையும். மழை பொய்த்த வருஷங்களில் அளக்கிற உழக்கே அரை உழக்கானது, கைப்பிடியும் சின்னதானது, ஆனால் கலயத்துக்குள் கை போகாத நாள் இல்லை. போட்டால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை, வந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. தாத்தா இறந்த வாரத்திலும் போட்டார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதை ஆச்சி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எனக்கு அந்த நிருபம் புரிந்தது அந்தக் கலயத்தைப் பார்த்துத்தான்.

அப்பாவின் சுகத்துக்காக இன்னும் கேட்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கேளுங்கள். பவுலே மூன்று தரம் கேட்டார். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க, ஃபிஸ்டுலா அடைபடாமல் இருக்க, ஊசி குத்தும்போது வலி குறைய, எல்லாவற்றுக்கும் கேளுங்கள். தானியேல் புத்தகத்தில், நெருப்புச் சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டியபோது மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றும் சொன்னார்கள், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். உங்கள் ஜெபத்தில் அந்த இரண்டும் இருக்கட்டும். வார்த்தை வராத நாளில் சங்கீதம் 88ஐ வாசியுங்கள், அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிற சங்கீதம், அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் கதறியது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவனிடம் முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று சொல்லவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அப்புறம் சாட்சி. நம் சபைகளில் சுகமானவருக்குத்தான் மைக் போகிறது, சுகமாகாதவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உங்களைக் கூப்பிட்டால் போங்கள். அப்பாவுக்கு இன்னும் டயாலிசிஸ் நடக்கிறது, இந்த வாரமும் மூன்று நாள் போனோம், செவ்வாய்க்கிழமை ஆட்டோ கிடைக்காமல் நின்றபோது சபையில் ஒருவர் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார், அப்பா நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார், எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.